கைத்திறம் தமிழனுடையது, கைச்சீட்டு எவனுடையது?

திருவண்ணாமலை என்றவுடன் எல்லார் நினைவும் நடுநாட்டு மலைக்கே ஓடும். தென்பாண்டி நாட்டிலும் அப்பெயர் தாங்கிய குன்று ஒன்று உண்டு. திருவில்லிபுத்தூரை அடுத்து நிற்கும் அக்குன்றின்மேல் பெருமாள் கோயில் இருத்தலின், தென்திருப்பதி என்றும் மக்கள் அதனை வழங்குவர். புரட்டாசிக் காரிக்கிழமைகளில் இராசபாளையத்தாரும் வில்லிபுத்தூராரும் சுற்றுச் சிற்றூராரும் திரள் திரளாகப் படியேறுவர். அங்ஙனம் ஏறும் தாய்மாருள், கடல் கடந்து வேலைக்குப் போன மகனை நினைந்து ஏறுவாரும் உளர். மகன் உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்பதோடு அவர் வேண்டுதல் முடிவதில்லை. அவனுடைய 'பெர்மிட்டு' இன்னும் ஈராண்டு நீள வேண்டும் என்பதும் அதனுள் அடங்கும். பணி இசைவு என்னும் தமிழ்ச்சொல்லை அத்தாய்க்கு எவரும் சொல்லித் தரவில்லை. அவ்விசைவுச் சீட்டில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதையும் எவரும் படித்துக் காட்டவில்லை. முன்னது சிறு குறை, பொறுத்துக் கொள்ளலாம். பின்னது பொறுக்கத் தக்கதன்று.

இவ்வட்டாரம் தொழிலறியாத வட்டாரமன்று. இராசபாளையம் நூற்பாலை 1936இல் தோன்றியது; அதன் பின்னர் ஆலைகள் பல எழுந்தன. அருகிலுள்ள சத்திரப்பட்டியும் சமுசிகாபுரமும் மருத்துவமனைகளுக்குரிய கட்டுத்துணி நெய்வதில் பெயர் பெற்றவை. கதிர் சுழலும் ஓசையைக் கேட்ட அளவிலேயே எந்தப் பொறியில் என்ன பழுது என்று சொல்லவல்ல ஆள்கள் இங்கு உண்டு. அவ்வாற்றல் ஒரு நாளில் விளைந்ததன்று. தந்தையின் பக்கத்தில் நின்று கற்றதும், அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டு பயின்றதும், ஆலையில் குறைந்த கூலிக்குக் கைபழகியதும் சேர்ந்தே ஒரு பொருத்துநன் உருவாகின்றான். ஒரு பற்றவைப்போன் உருவாகின்றான். அவனை ஆக்கிய செலவு முழுதும் தமிழ்நாட்டின் செலவு. ஆக்கி முடித்தபின் அவனை வேண்டி வரும் அயல்நாடு அச்செலவில் ஒரு காசும் கொடுப்பதில்லை. போகட்டும். கடல் கடந்து பொருளீட்டல் தமிழனுக்குப் புதிதுமன்று, இழிவுமன்று. ஆயின் அவன் எவ்வாறு போகின்றான்? தன் திறத்தை விற்கும் உரிமையாளனாகப் போகின்றானா, திறத்தோடு தன்னையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகின்றானா? கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

சிங்கப்பூரை எடுத்துக் கொள்க. 2015ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தமிழ்நாட்டுப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, ஏறத்தாழ 22 இலக்கம் தமிழ்நாட்டார் அயல்நாடுகளில் வாழ்வதாகவும், அவர் சென்ற நாடுகளுள் சிங்கப்பூரே முதலிடத்தில் நிற்பதாகவும் காட்டிற்று. அங்குக் கட்டட வேலைக்குப் போகிறவன் முதற்கண் தன் திறத்தைத் தேர்வில் மெய்ப்பிக்க வேண்டும். கம்பி கட்டுதலோ குழாய் பொருத்துதலோ மின்கம்பி இடுதலோ, குறித்த ஒரு தொழிலில் தேறியவனுக்கே இசைவு. அத்தேர்வுக்குப் பழக்கும் இடங்கள் தமிழ்நாட்டிலேயே நடக்கின்றன. பயிற்சிக்கும் தேர்வுக்கும் முகவர்க்குமாகச் சில இலக்கம் உருபா கரைகின்றது. நிலம் ஒற்றிக்குப் போகின்றது. தாலி ஒழிந்த நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போகின்றன.

இவ்வளவும் செய்து பெறும் இசைவு யாருக்கு உரியது? அதற்கு வேண்டுகை கொடுப்பவன் தொழிலாளி அல்லன், முதலாளி. புதுப்பிப்பவன் முதலாளி. கால எல்லைக்கு முன்னரே அதனை நீக்குவிக்க வல்லவனும் முதலாளியே. மலேசியர் அல்லாத தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் 5,000 வெள்ளி பிணைத்தொகை முதலாளியால் அரசுக்குக் காட்டப்பட வேண்டும். ஆகலின், தன் ஆள் எங்கே போகின்றான், யாரோடு பேசுகின்றான் என்று பார்த்துக் கொண்டிருப்பது முதலாளிக்குப் பொருட்காப்பு ஆகிவிடுகின்றது. இசைவு முடியும் காலத்தை ஒட்டிய குறுகிய நாள்களில், கட்டடத் துறையார் வேறு முதலாளியைத் தேடிக் கொள்ளலாம் எனப் பின்னர்க் கதவு சிறிது திறக்கப்பட்டது. மற்றை நாள்களில் பழைய முதலாளி தலையசைத்தாலன்றிப் புதிய வேலை இல்லை. மனைவி மக்களை அழைத்துக்கொள்ள இவ்விசைவில் இடமில்லை. அந்நாட்டுக் குடிமகள் ஒருத்தியை மணக்க வேண்டுமாயின் அதற்கும் அரசின் ஒப்புதல் வேண்டும். இசைவு முடிந்து ஊர் திரும்பிய பின்னரும் அக்கட்டு விடாது. கை மட்டும் வேண்டும். அக்கைக்குரிய மாந்தன் வேண்டா என்பதே இவ்விதிகளின் உட்கிடை.

இதில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. அயல்நாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி திங்கள்தோறும் அரசுக்குத் தீர்வை கட்டுகின்றான். கட்டடத் துறையில் 2024ஆம் ஆண்டுத் தொடக்கம் முதல் அத்தீர்வை, உயர்திறன் சான்று பெற்றவனுக்கு 500 வெள்ளியாகவும் அடிப்படைத் திறனுடையவனுக்கு 900 வெள்ளியாகவும் வகுக்கப்பட்டது. திறத்தை வளர்க்கவே இவ்வேறுபாடு என்பர். வளரட்டும். பகலெல்லாம் வெயிலில் நின்றவன் இரவிற் கண்விழித்துப் பயின்று உயர்திறன் தேர்வில் வெல்கின்றான் என்று வைத்துக் கொள்க. அன்று முதல் முதலாளிக்குத் திங்களுக்கு 400 வெள்ளி மிஞ்சுகின்றது. அந்த 400இல் வென்றவனுக்கு எத்துணைப் பங்கு என்று தீர்வை விதி சொல்வதில்லை. அடிப்படைத் திறனாளன் பலருடைய அடிப்படைக் கூலி, அவர்க்காக அரசு கொள்ளும் 900 வெள்ளியை எட்டுவதும் இல்லை. உழைப்பவனுக்குக் கிடைப்பதைவிட, உழைக்க விடுவதற்குரிய விலை மிகுதியாகிவிட்ட சந்தை இது!

அடிப்படைத் திறனாளன் 14 ஆண்டுக்கு மேலும், உயர்திறனாளன் 26 ஆண்டுக்கு மேலும் அங்கு வேலை செய்தல் ஆகாது என்றொரு வரம்பும் இருந்தது. 2025 சூலையில் அது நீக்கப்பட்டது. நல்லதே. எனினும் இருபத்தாறு ஆண்டு ஒரு நகரைக் கட்டியவனுக்கு அந்நகரில் குடியிருக்கும் உரிமை அதனால் வந்துவிடவில்லை. இன்னும் சில ஆண்டு கட்டும் உரிமையே வந்தது.

2020ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது, கட்டிய மாளிகைகளில் குடியிருந்தவர் யார், கட்டியவர் எங்குக் கிடந்தனர் என்பதை உலகம் கண்டது. தொழிலாளர் விடுதிகள் அடைக்கப்பட்டன. அவ்விடுதிகளில் இருந்தோருள் 47 விழுக்காட்டினர்க்கு நோய் தொற்றியிருந்ததாக அவ்வாண்டு திசம்பரில் அந்நாட்டரசே கணக்கு வெளியிட்டது. ஓர் அறையில் பலர் அடுக்குக் கட்டிலில் கிடந்தமைக்கும் இக்கணக்குக்கும் உள்ள தொடர்பை விளக்க மருத்துவர் வேண்டுவதில்லை.

நடுநிலை பிறழாமல் ஒன்றையும் சொல்லுதல் வேண்டும். தமிழை ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்றாகக் கொண்ட நாடு சிங்கப்பூர். கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று குறித்த ஒப்புதல் மடலைத் தொழிலாளி அறிந்த மொழியிலேயே, அவன் ஊரைவிட்டுப் புறப்படுமுன் அவனுக்கு அனுப்ப வேண்டும் என்னும் நெறி அங்கு உண்டு. முகவர் கொள்ளும் தொகைக்கும் அங்கே வரம்பு உண்டு; இரண்டு திங்கட் கூலிக்கு மேல் கொள்ளலாகாது. ஆனால் அவ்வரம்பு கடலுக்கு அப்பால் நிற்கின்றது. பணம் பறிபோவது கடலுக்கு இப்பால், தமிழனாலேயே தமிழனிடம். இதனைச் சிங்கப்பூர்மேல் ஏற்றிச் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

அரபு நாடுகளின் செய்தி வேறு. அங்கு வழங்கும் 'கபாலா' என்னும் பொறுப்பாளர் முறையில், வேலை கொடுப்பவனே தொழிலாளியின் நுழைவுக்கும் தங்கலுக்கும் பொறுப்பாளன். அவன் அறியாமல் வேலை மாறினால் ஓடிப்போனவன் என்று குற்றம் சாற்றப்படும். கத்தார் நாடு 2020இலும் சவூதி அரேபியா 2021இலும் வேலை மாறும் உரிமையைச் சட்டத்தில் ஓரளவு தளர்த்தின. சட்டம் தளர்ந்த அளவுக்கு வழக்கம் தளர்ந்ததா என்பது ஊர் திரும்பியோரைக் கேட்டால் தெரியும். குவைத்து நாட்டின் மங்காப்பு என்னுமிடத்தில் 2024 சூன் 12 அன்று தொழிலாளர் தங்கிய கட்டடம் ஒன்று விடியற்காலையில் தீப்பற்றிற்று. மாண்டோருள் இந்தியர் 45 பேர். அவருள் தமிழ்நாட்டார் எழுவர். அவ்வுடல்கள் படை வானூர்தியில் கொச்சிக்கு வந்தன. உயிரோடு இருந்தபோது அவர் எங்குத் தங்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் அவரல்லர். வேலையும் படுக்கையும் ஒருவன் கையிலேயே இருக்குமாயின், படுக்கை சரியில்லை என்று வேலைக்காரன் எங்ஙனம் வாய்திறப்பான்?

இசைவுச் சீட்டு தமிழனை என்ன செய்யும் என்பதற்கு இற்றை நாள் எடுத்துக்காட்டுகளே வேண்டும் என்பதில்லை. மலேசியாவில் 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க இசைவு பெற வேண்டும் என்றது அச்சட்டம். 1969 மே 13 கலவரத்துக்குப் பின்னர் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. தோட்டங்களில் இரண்டு தலைமுறையாகப் பால்மரம் சீவிய தமிழர் பல்லாயிரவர் அன்று கையில் வைத்திருந்தது நீல அட்டை அன்று. குடிமக்கள் அல்லாதவர்க்குரிய சிவப்பு அட்டை. குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையே அறியாதவர் பலர். அறிந்தும், மொழித் தேர்வுக்கும் சான்றுகளுக்கும் அஞ்சி விட்டவர் பலர். மரத்தின் பட்டையை உயிர்ச்சோறு வரை வெட்டாமல், பால் மட்டும் வடியும் ஆழத்தில் சீவுவது எளிய வேலையன்று. ஆண்டுக்கணக்கில் பழகிய கைக்கே வரும். எனினும் திறன் என்னும் சொல் அவர்க்கு வழங்கப்படவில்லை. பிறந்த மண்ணிலேயே சிலர் அயலாராயினர். அந்நாளில் ஏறத்தாழ 60,000 பேர் மலேசியாவை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினர் என்பது வரலாறு. வந்தவர்க்கு இங்கே வீடில்லை. பாட்டன் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தது.

அன்று அவர்க்காகத் தில்லி என்ன செய்தது என்று கேட்பார் உளர். இன்று என்ன செய்கின்றது என்று கேட்பது இன்னும் பயனுடையது. குடிபெயர்வு, கடவுச்சீட்டு, நுழைவிசைவு ஆகியன இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 19ஆம் இடத்தில் உள்ளன. தமிழ்நாட்டுக்கு அதில் சட்டமியற்றும் உரிமை இல்லை. நடுவணரசு இயற்றியது 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம். அதன்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறித்த 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் காப்பாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும். கூலி ஒப்பந்தம், வேலை கொடுப்போன், காப்பீடு ஆகியவற்றை அவ்வலுவலகம் பார்க்கும். நன்று. பத்தாம் வகுப்புத் தேறியவனுக்கு? அவன் தன்னைத் தானே காத்துக் கொள்வான் என்று சட்டம் கருதி விட்டுவிடுகின்றது. தொழிற்பயிற்சி பெற்ற தமிழ்நாட்டு இளைஞன் பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேறியவனே. ஆக, திறம் பெற்ற குற்றத்திற்காகவே அவன் காப்பை இழக்கின்றான். இன்னொன்று: தமிழ்நாட்டார் மிகுதியாகச் செல்லும் சிங்கப்பூர் அந்தப் பதினெட்டு நாடுகளின் பட்டியலிலேயே இல்லை! பதிவு பெற்ற முகவர் 30,000 உருபாவுக்கும் அதன்மேல் வரிக்கும் மிகுதியாக வாங்கலாகாது என்னும் விதியும் உண்டு. அவ்விதியை ஊர்முகவனிடம் சொல்லிப் பார்ப்பவன் வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

பட்டம் பெற்றோர் இதனைப் படித்துவிட்டு, இது கொத்தனார்க்கும் கம்பி கட்டுவோர்க்கும் உற்ற துன்பம் என்று தாளைப் புரட்டிவிட வேண்டா. அமெரிக்காவின் 'எச்-1பி' இசைவைப் பெறுவோருள் பெரும்பங்கினர் இந்தியர். அவருள் தமிழ்நாட்டுப் பொறிஞர் மிகப் பலர். அவ்விசைவுக்கும் வேண்டுகை கொடுப்பவன் முதலாளியே. வேலை போயிற்றேல் 60 நாளுக்குள் வேறு முதலாளி கிடைக்க வேண்டும்; இன்றேல் வீட்டையும் பிள்ளையின் பள்ளியையும் விட்டுப் புறப்பட வேண்டும். 2025 செப்தம்பரில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஓர் அறிவிப்பால், அயல்நாட்டிலிருப்போர்க்கான புதிய வேண்டுகைக்கு 100,000 தாலர் கட்ட வேண்டும் என்றார். அன்றிரவு விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த பொறிஞர் எத்தனை பேர் வானூர்தி நிலையத்துக்கு ஓடினர்! பஞ்சணையில் அமர்ந்து கணிப்பொறியைத் தட்டுபவனுக்கும் சாரத்தில் நின்று கம்பி வளைப்பவனுக்கும் கூலி வேறு. சீட்டின் தன்மை ஒன்றே. பொறிஞனுக்கு அச்சீட்டைப் படிக்கத் தெரியும் என்பதே வேறுபாடு.

அவ்வேறுபாடு சிறியதன்று. சுந்தரரின் மணப்பந்தலில் வந்து வழக்கிட்ட முதியவர் கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். அவர் காட்டியது ஆளோலை; வழிவழி அடிமை என்று எழுதிய ஓலை. அவ்வோலைகூடத் திருவெண்ணெய்நல்லூர் அவையில் எல்லாரும் கேட்கப் படிக்கப்பட்டது. பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு ஒத்துப் பார்க்கப்பட்டது. அதன் பின்னரே தீர்ப்பு. இன்று இராசபாளையத்து இளைஞன் கையெழுத்திடும் ஒப்பந்தம் ஆங்கிலத்திலோ அரபியிலோ இருக்கின்றது. வானூர்திக்கு முந்தின நாள், முகவனின் அறையில், விரல் வைக்கும் இடத்தைக் காட்டி எழுத்து வாங்கப்படுகின்றது. பற்றவைப்போன் என்று போனவன் அங்குச் சென்றபின் மண் சுமக்க விடப்படுவதும், சொன்ன கூலி வேறாகவும் எழுதிய கூலி வேறாகவும் இருப்பதும் இவ்விடத்தில் தோன்றும் கேடுகள். அடிமையோலைக்கு இருந்த அவையும் தமிழும் வேலையோலைக்கு இல்லாமற் போயின.

சொல்லக் கசப்பான செய்தி ஒன்று உண்டு. ஆயினும் மறைத்தல் நேர்மையாகாது. அயல்நாட்டு முதலாளியைப் பழிக்கும் தமிழ்நாட்டில், நூற்பாலைகளிலும் கட்டட வேலைகளிலும் ஒடிசாவும் பீகாரும் சார்க்கண்டும் விட்டு வந்த இளைஞரும் பெண்களும் வேலை செய்கின்றனர். ஆலை விடுதியில் தங்கி, தமக்குப் படிக்கத் தெரியாத தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிய தாளில் அவரும் கையெழுத்திடுகின்றனர். அவரை வெறுப்பது எளிது. சிலர் அதனையே மொழிப்பற்று என்று எண்ணிக் கொண்டிருக்கின்றனர். தன் மகனுக்குச் சிங்கப்பூரில் தமிழ்ப்படி வேண்டும் என்று கேட்கின்றவன், ஒடிய மகளுக்கு இராசபாளையத்தில் ஒடியப் படி வேண்டும் என்பதை மறுக்க முடியாது. தாய்மொழி உரிமை தமிழனுக்கு மட்டும் உரியதாயின் அது உரிமையன்று, தன்னலம்.

செய்யக் கூடியன யாவை? இசைவு தொழிலாளியின் பெயரில் வழங்கப்பட வேண்டும். குறித்த தொழிலுக்குள் எந்த முதலாளியிடமும் வேலை பார்க்க அது இடந்தர வேண்டும் என்பது அயல்நாடுகள் தீர்க்க வேண்டியது. அதனைக் கேட்டுப் பெறும் வலிமை, ஆள் அனுப்பும் நாட்டுக்கு உண்டு என்பதைப் பிலிப்பைன்சு காட்டியுள்ளது. ஒப்பந்தப் படிவத்தைத் தானே வகுத்து, அதனைச் சரிபார்த்த பின்னரே தன் மக்களை அனுப்பும் முறையை அந்நாடு பல்லாண்டுகளாக நடத்துகின்றது. 2022இல் அதற்கெனத் தனித் துறையே கண்டது. கேரளம் 1996இலேயே அயல்வாழ் மலையாளிகளுக்குத் துறை அமைத்தது. தமிழ்நாடு பின்தங்கியது என்று சொல்லவும் முடியாது. அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென அரசு நிறுவனம் 1978இலேயே இங்குத் தொடங்கப்பட்டது. 2011இல் அயல்வாழ் தமிழர் நலச் சட்டமும், 2021இல் தனி அமைச்சும் வந்தன. சனவரி 12 அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. மேடையும் மாலையும் பொன்னாடையும் உண்டு. கடல் கடந்து செல்வம் சேர்த்தவர் முன்வரிசையில் அமர்கின்றனர். கடன் சேர்த்துத் திரும்பியவருக்கும் ஒரு நாற்காலி போட்டால் அவ்விழாவில் உண்மை பேசப்படும்.

நடுவண் அயலுறவு அமைச்சகம் பழைய சட்டத்தை மாற்ற 2021இல் ஒரு வரைவும் 2025இல் மற்றொரு வரைவும் வெளியிட்டது. பத்தாம் வகுப்பு என்னும் கோட்டை அழித்து, சிங்கப்பூர் உள்பட எந்நாட்டுக்குப் போவோனுக்கும் ஒப்பந்தச் சரிபார்ப்பு வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசும் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எழுத்தில் கேட்க வேண்டிய இடம் அது. தில்லி கேட்குமா என்று காத்திராமலும் செய்யக் கூடியது ஒன்று உண்டு. சட்டமியற்றும் உரிமை ஒன்றியப் பட்டியலில் இருக்கலாம். ஒரு தாளைத் தமிழில் பெயர்த்துப் படித்துக் காட்டுவதை எந்தப் பட்டியலும் தடுக்கவில்லை. இராசபாளையத்திலும் வில்லிபுத்தூரிலும் வட்டாட்சியர் அலுவலகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஓர் அறையும், ஆங்கிலமும் அரபியும் அறிந்த ஊழியர் இருவரும், நிறைவேறாத ஒப்பந்தங்களைக் குறித்து வைக்க ஒரு பதிவேடும் போதும். புறப்படுமுன் இளைஞன் தாயோடு அங்கே வரட்டும். கூலி எவ்வளவு, வேலை எது, தங்குமிடம் எது, இசைவை நீக்க வல்லவன் யார் என்று அவன் காதுபடத் தமிழில் படிக்கட்டும். அதன் பின்னர் அவன் கையெழுத்திடட்டும், அல்லது எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு வீடு திரும்பட்டும்.